விட்ட சொல்லிலிருந்து

சனிக்கிழமை காலைகளில் என் சலூனில் மின்விசிறி ஓடாது. புதிதாக வருகிறவர்கள் வியர்த்து வழிந்துகொண்டு மேலே பார்ப்பார்கள். "அண்ணை, ஃபான் பழுதோ?" என்று கேட்பார்கள். பழுதில்லை. வெயில் ஏறியதும் போடுவேன். காலை நேரம் ஒரு மனிதருக்கு உரியது. அவர் எங்கள் ஊர் பள்ளிமுனையை விட்டுப் போய் வருசங்கள் ஆகிவிட்டன. கொழும்பில் ஒப்பரேசன் செய்தார், ஓரளவு சுகம் கிடைத்தது, பிறகு மகளோடு போய் இருந்துவிட்டார். இப்போது அவர் முகத்தை எந்த சலூன்காரன் வழிக்கிறானோ தெரியாது. அவன் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அவர் பள்ளிமுனைக் கரையில் மீன் கூறுகிறவர். வள்ளங்கள் வந்து மீனைக் குவித்ததும் பக்கத்தில் நின்று விலை கூவி ஏலம் விடுவது அவர் வேலை. குரல்தான் அதில் முதல். அவர் கூவுகிற சத்தத்தில் எங்கள் தெருவில் கைக்குழந்தைகள் எழும்பிவிடும், தாய்மார் அவரைத் திட்டிக்கொண்டே மீன் வாங்கப் போவார்கள். அப்படிப்பட்ட குரல் புறப்படுகிற முகத்தில்தான், இடது கன்னத்தில், நரம்பு வலி வந்து குடியேறியது.

முதல் தடவை என் கடைக்குள் வந்தபோது வலப்பக்கம் மழமழவென்றும் இடப்பக்கம் தாடியுமாக நின்றார். ஆளைக் கண்டு தெரியும், பேசிப் பழக்கமில்லை.

"மிச்சத்தை வழிச்சு விடுவியளோ, தம்பி?" என்றார். வாயின் வலது மூலையால் மட்டும் பேசினார்.

"ஏன் அண்ணை, பாதியிலை களைச்சுப் போனியளோ?"

"களைக்கேல்லை. துணிவு முடிஞ்சு போச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையில் ஏறி இருந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்து, ஒப்பந்தம் பேசுகிறவர் போல விளக்கினார். "இந்தப் பக்கம் தொட்டால் கரண்ட் அடிக்கும். தொடாட்டியும் அடிக்கும். அது வந்தால் நான் ஒரு விரலைத் தூக்குவன். தூக்கின உடனை கத்தியை எடுத்திடுங்கோ. இறக்கின பிறகு தொடங்குங்கோ. ஃபானை நிப்பாட்டுங்கோ. தண்ணியை இளஞ்சூடாய் எடுங்கோ. வேறை ஒண்டும் இல்லை."

"இவ்வளவு கரைச்சல் ஏன்? முழுத்தாடி விட்டிடலாமே."

"தாடி மயிர் காத்திலை ஆடினாலே போதும், ஆள் வந்திடுவார். ஒவ்வொரு நாளும் காத்திட்டை வாங்கிறதைவிடக் கிழமைக்கு ஒருக்கா உங்களிட்டை வாங்கிறது திறம்."

ஆள் என்றது வலியைத்தான். அதற்கு அவர் சம்மாட்டியார் என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் கரையில் சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் வைத்திருக்கிற முதலாளி. எந்த நேரம் வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது. வந்தால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழும்பி நிற்கவேண்டும், போகிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. "சம்மாட்டியார் வந்திட்டார்" என்பார், வலி விட்டபிறகு. வரும்போது சொல்ல அவரால் முடியாது.

அன்று நான் மூக்குக்குப் பக்கத்தில் கத்தியைக் கொண்டுபோனதும் விரல் எழும்பியது. நான் கத்தியை எடுத்துவிட்டேன். மனிதர் சத்தம் போடவில்லை. இடது கண் இறுகி அதிலிருந்து நீர் வழிந்தது. செருப்பைக் கழற்றி வைத்த கால்விரல்கள் கதிரையின் கால்மிதியைப் பிடித்துக்கொண்டன. நான் என்ன செய்வதென்று தெரியாமல் நுரைக் கோப்பையை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். கொஞ்ச நேரத்தில் விரல் இறங்கியது. அவர் வலி வரும் முன்பு என்னோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எந்தச் சொல்லில் நின்றதோ அந்தச் சொல்லின் மிச்சப் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்கினார்.

அதுதான் அவர். வலிக்கு இடம் கொடுப்பார், விட்ட சொல்லை அதற்குக் கொடுக்கமாட்டார். கதை நடுவில், கணக்கு நடுவில், கோயிலில் செபம் நடுவில், எங்கே விரல் எழும்பினாலும் இறங்கியபிறகு அங்கிருந்தே தொடங்குவார். 'என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?' என்று அவர் கேட்டு நான் அறியேன்.

நான் அவசரக்காரன். ஒரு தலையில் கத்தரிக்கோல் ஓடும்போதே வாசலில் அடுத்த தலையைப் பார்க்கிறவன். அவர் முகத்துக்கு மட்டும் என் அவசரம் செல்லாது. கதிரையை வாசலுக்கு முதுகு காட்டித் திருப்பி வைப்பேன். வலப்பக்கத்தில் தொடங்கி, நாடியைச் சுற்றி, கடைசியில்தான் இடது மேலுதட்டுக்கு வருவேன். அங்கே ஒரு குன்றிமணி அளவு இடம் இருந்தது. அதைக் கத்தி நெருங்கும்போது இரண்டு பேருமே மூச்சை அடக்கிக்கொள்வோம்.

இது என்ன நோய் என்று கண்டுபிடிப்பதற்குள் அவர் பாவப்பட்ட பற்களைப் பலி கொடுத்திருந்தார். வலி மேல்தாடையில் இருந்து புறப்பட்டது, ஆகவே பல்தான் என்று அவரே முடிவெடுத்தார். பல் டொக்டர் நல்ல பல் என்று சொல்லியும் கேட்காமல் அடம்பிடித்துக் கழற்றுவித்தார். வலி நிற்கவில்லை. அடுத்ததையும் கழற்றுவித்தார். மூன்றாவதுக்குப் போனபோது அந்த டொக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, நரம்பு பார்க்கிற கிளினிக்குக்கு அனுப்பிவைத்தார். கழற்றிய பற்களை ஒரு தைலக் குப்பியில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் எனக்குக் கொண்டுவந்து காட்டினார்.

"ரெண்டும் நிரபராதியள், தம்பி. செய்யாத குற்றத்துக்குத் தூக்கிலை போனதுகள்."

அவர் மனைவி மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்து, தகட்டில் வெட்டிய முகம் ஒன்றை வாங்கிக் காணிக்கை கொடுத்துவிட்டு வந்தபோதும் இதே மாதிரித்தான். "முழு முகத்தையும் ஏன் குடுத்தனீர்? இடப்பக்கம் மட்டும் போதுமே. வலப்பக்கம் சும்மா இருந்தது, இப்ப மாதா அதையும் பாக்க வேண்டி வந்திட்டுது" என்றாராம். அந்த அக்கா என் கடை வாசலில் நின்று இதைச் சொல்லிச் சிரித்தார், பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

மன்னார்த்தீவில் காற்றுக்குத் தப்பி வாழ்கிறது லேசான காரியமா? சோளகக் காற்றுத் தொடங்கினால் தென்கரையில் மின்சாரத்துக்கு நட்டிருக்கிற பெரிய காற்றாடிகள் ராப்பகலாகச் சுழலும். அவருக்கு அந்தக் காற்றாடிகள்தான் ரேடியோச் செய்தி. விடிந்ததும் எனக்கு போன் அடிப்பார். "தம்பி, மாடியிலை ஏறிப் பாருங்கோ, எப்பிடிச் சுத்துது?" மெதுவாக என்றால் சால்வையை ஒற்றை மடிப்பாகச் சுற்றுவார், வேகமென்றால் இரட்டை மடிப்பு. பஸ்ஸில் யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டார். சோற்றைக் குழைத்து வலப்பக்கத்தால் மெல்லுவார். கிளினிக்கில் கொடுத்த குளிசையை விழுங்கி, நேரம் பார்த்துத்தான் முகம் கழுவுவார். குளிசை கூடினால் கால் தள்ளாடும், நாக்குத் தடிக்கும், குறைந்தால் சம்மாட்டியார் வந்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் அவர் ஓட்டிய வள்ளத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கரையில் ஏலம் நடக்கும்போதும் விரல் எழும்பும். "ஆயிரத்து எண்" என்பார், விரல் போய்விடும். வியாபாரிகள் என்றால் எப்படிப்பட்டவர்கள் தெரியும்தானே, ஒருவன் தும்மினால் மற்றவன் மீனைத் தூக்கிவிடுவான். ஆனால் அந்த விரல் மேலே நிற்கிற வரைக்கும் ஒருவரும் விலை கேட்கமாட்டார்கள். யாரும் சொல்லி வைத்த சட்டமில்லை, தானாக வந்த பழக்கம். விரல் இறங்கும். "ணூறு" என்று மிச்சத்தைச் சொல்லுவார். ஏலம் நடக்கும்.

ஒருநாள் லொறியில் வந்த வெளியூர் வியாபாரி ஒருவன், இடைவெளியைக் கண்டு தன் விலையைச் சொல்லிவிட்டான். கரையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தம்பி, விரல் நிக்குது, தெரியேல்லையோ?" என்று ஒருத்தி கேட்டாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டான். விரல் இறங்கியதும் இவர் அவனுடைய விலையைக் கேட்காதவர் போலவே பழைய விலையிலிருந்து தொடங்கினார். நான் அன்று கணவாய் வாங்கப் போயிருந்தேன். என் ஊரைப் பற்றி எனக்குப் பெருமை வந்த நாட்கள் குறைவு, அதில் அது ஒன்று.

இவ்வளவு பகிடி விடுகிற மனிதர் ஒரு விசயத்தில் மட்டும் பகிடி விட்டதில்லை. நோய் தொடங்கிய காலத்தில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ஏதோ பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டி இடது கன்னத்தில் முத்தமிட்டுக் கொஞ்சினாளாம். வலி வெட்டியதும் இவர் பிள்ளையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். விழுந்த பிள்ளை அழவில்லை, எழும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரே மகள் அவரை வலது கன்னத்தில்தான் கொஞ்சுவாள், அதுவும் விரலால் ஒரு தடவை அவர் தோளைத் தட்டிக் கேட்டுவிட்டு.

"வலி போயிடும், தம்பி. தள்ளினது போகேல்லை" என்றார். எனக்கும் பெண்பிள்ளை இருக்கிறாள்.

அந்த மகளுக்குத்தான் கலியாணம் பேச்சு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் வயல் செய்கிற குடும்பம். பையனுக்குப் பிள்ளையைப் பிடித்துவிட்டது, பிள்ளைக்கும் சம்மதம். நாள் குறிக்கிற நேரத்தில் அவர்கள் பக்கத்துச் சத்தம் நின்றுபோனது. போன் இல்லை, ஆள் இல்லை. மகள் வீட்டில் ஒன்றும் கேட்காமல் நடமாடினாள். இவர் என் கதிரையில் வந்திருந்து முதல் தடவையாக ஒரு கதையும் சொல்லாமல் முகத்தை வழித்துக்கொண்டு போனார். அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

காரணம் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசுகிறவர்கள் கோயிலில் விசாரிப்பார்கள், கடையில் விசாரிப்பார்கள், ஆனால் உண்மையை அறிய சலூனுக்குத்தான் வருவார்கள். ஒரு புதன்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர், முடி வெட்ட இருந்துகொண்டு, சுற்றி வளைத்துக் கேட்டார்.

"இஞ்சை கரையிலை மீன் கூறுற ஒருத்தர் இருக்கிறார் என்ன? அவருக்கு வலிப்பாமே?"

என் கத்தரிக்கோல் நின்றது. "ஆர் சொன்னது?"

"கிளினிக்கிலை கண்ட ஆக்கள் சொல்லிச்சினம். வலிப்புக் குளிசைதானாம் குடிக்கிறார். கரையிலையும் இடைக்கிடை அப்பிடியே விறைச்சுப் போய் நிப்பாராம். பிள்ளைக்கும் வருமோ எண்டு வீட்டிலை பயப்பிடினம். நான் பையன்ரை தேப்பன்."

குளிசை உண்மை. அந்த நரம்பு வலிக்கும் வலிப்புக்குக் கொடுக்கிற குளிசையைத்தான் கொடுக்கிறார்கள், டொக்டர் அதை விளங்கப்படுத்தித்தான் கொடுத்தார். ஊருக்கு யார் விளங்கப்படுத்துவது? எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அந்த மனிதரின் பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே போகலாமா என்றுகூட நினைத்தேன். போகவில்லை. "நான் சொன்னால் நம்பமாட்டியள், ஐயா. சனிக்கிழமை காலமை வாங்கோ. அவர் இந்தக் கதிரையிலை இருப்பார். நீங்களே பாருங்கோ" என்றேன்.

வெட்டி முடித்து அவரை அனுப்பியதும் இவருக்கு போன் அடித்தேன். "அண்ணை, அண்டைக்கு ஒரு குளிசை கூடப் போட்டுக்கொண்டு வாங்கோ. சம்மாட்டியார் அந்தாளுக்கு முன்னாலை வரக்கூடாது."

"போட்டால் நாக்குத் தடிக்கும். வலிப்பில்லை, குடிச்சிட்டு வந்த வெறிகாரன் எண்டு போவார்."

"அப்ப காத்தில்லாத கிழமையாய்ப் பாத்து மாத்துவமோ?"

"அந்தாள் வாறது என்ரை முகத்தைப் பாக்க. சம்மாட்டியார் இல்லாமல் எனக்கு முகம் எங்கை கிடக்கு, தம்பி? வரட்டும்" என்றார்.

சனிக்கிழமை பெரியவர் முதலே வந்து, காத்திருக்கிறவர்களுக்குப் போட்ட நீள வாங்கில் இருந்து பத்திரிகையை விரித்துக்கொண்டார். இவர் வந்தார், வணக்கம் சொன்னார், கதிரையில் ஏறினார். நான் ஃபானை நிறுத்தினேன். வலப்பக்கம் முடிந்தது. நாடி முடிந்தது. இவர் வழமைபோலக் கதை தொடங்கினார். கரண்ட் இல்லாத ஒரு விடியப்புறம், இருட்டில் ஒரு குவியல் மீனைக் கூறி விற்றுவிட்டாராம். வாங்கின மனுசி வீட்டில் கொண்டுபோய்ப் பார்த்தால் மீனுக்கு நடுவில் வள்ளக்காரனின் சோற்றுப் பெட்டி.

"மனுசி பெட்டியோடை திரும்பி வந்து என்னைக் கேக்கிறா, சோத்துக்கு வேறை கா" என்றவர் விரலைத் தூக்கினார்.

கத்தியை எடுத்தேன். பத்திரிகை கீழே இறங்கியது. பெரியவர் எழும்பி நின்றுவிட்டார், ஓடிவந்து பிடிக்க வேண்டுமோ என்று என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். கண்ணாடியில் இவர் முகம் இழுத்துக்கொண்டு நின்றது. ஆனால் இடது கண்ணில் நீர் ஓட ஓட, திறந்திருந்த வலது கண் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் போனதோ, எனக்கு அது பெருவிழாத் திருப்பலி அளவுக்கு நீண்டது. விரல் இறங்கியது.

"சு தரவேணுமோ எண்டு" என்று கதையை முடித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு பெரியவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வாங்கில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடங்கியதும் கேட்டார், "விட்ட சொல்லிலையிருந்து தொடங்கிறியளே. அவ்வளவு வலியிலும் நினைவு தப்பேல்லையோ?"

"தப்பினால் நல்லாயிருக்கும். தப்பாது. முழுக்கத் தெரியும்."

"எங்களுக்கு வலிப்பெண்டு சொன்னவை."

"ரெண்டுக்கும் குளிசை ஒண்டு, நோய் வேறை, ஐயா" என்றார். பிறகு கதிரையிலிருந்தபடியே அவரை நேராகப் பார்த்தார். "வலிப்பெண்டாலும் அதிலை என்ன குற்றம் கிடக்கு? வலிப்பு வாறவைக்கும் பிள்ளையள் இருக்குதுகள்தானே. எனக்கு அதில்லை, அதாலை சொல்லுறன். இருந்திருந்தாலும் உங்களுக்கு ஒளிச்சிருக்க மாட்டன்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் மிச்சத்தை வழித்து முடித்தேன். இவர் இறங்கியதும் பெரியவர் அதே கதிரையில் ஏறி, "எனக்கும் ஒருக்கா வழிச்சு விடும், தம்பி" என்றார். நுரை பூசிய முகத்தோடு கண்ணாடியில் இவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், "கலியாணத்தை இப்ப வைக்க வேண்டாம். சோளகம் விடட்டும். காத்துக் குறைஞ்ச நாளாய்ப் பாத்துக் கோயிலிலை கலியாணம் எழுதுவம்."

அவ்வளவுதான் சம்மதம். வேறொன்றும் பேசவில்லை. இவர் சால்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே போய், என் கடைக்குப் பக்கத்து மதிலில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கலியாணத்தன்று காலையில் நானே அவர் வீட்டுக்குப் போய் வழித்தேன். அந்தக் குன்றிமணி இடத்தில்கூட ஒரு மயிர் விடவில்லை. கோயில் முடிந்து மண்டபத்தில், எங்கள் வழக்கப்படி, வாழ்த்த வருகிறவர்கள் மாப்பிள்ளை பெண்ணையும் பெற்றோரையும் இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பக்கம் போவார்கள். அந்த இடது கன்னத்தை நினைத்து நான் முன்னுக்கு ஓடினேன். பார்த்தால், மாப்பிள்ளையின் தகப்பன் இவருடைய இடது தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டு, முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒருவராலும் அந்தப் பக்கம் எட்ட முடியவில்லை. சாப்பிடக்கூடப் போகாமல் வரிசை முடியும் வரைக்கும் அந்த மனிதர் அப்படியே நின்றார். புதன்கிழமை அவர் மேல் வந்த கோபத்தை அன்றைக்குத்தான் நான் விட்டேன்.

பெண்ணை அனுப்புகிற நேரம். பூக் கட்டிய கலியாண வான் வாசலில் நின்றது, பாண்ட்காரர்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள். மகள் தாயைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டுத் தகப்பனிடம் வந்தாள். பழக்கப்படி விரலால் அவர் தோளைத் தட்டி, வலப்பக்கம் சாய்ந்தாள். அவர் முகத்தைத் திருப்பி இடது கன்னத்தைக் காட்டினார்.

"அப்பா, வேண்டாம்."

"இண்டைக்கு இதிலை கொஞ்சு, பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பிறகு பூவைத் தொடுகிற மாதிரி உதட்டை வைத்து எடுத்தாள். அவர் சிரித்தார். "போட்டு" என்று வாயைத் திறந்தார், விரல் எழும்பிவிட்டது.

வீட்டை விட்டுப் போகிற பிள்ளைக்கு எங்கள் பேச்சில் 'போட்டு', போய்விட்டு, என்று மட்டும் சொல்லி நிறுத்துவார்களா? 'வா' வரவேண்டாமா? பாண்ட் நின்றது. சாரதி வானின் எஞ்சினை நிறுத்தினான். பள்ளிமுனை ஆட்கள் அத்தனை பேரும் கரையில் நிற்கிற மாதிரி அசையாமல் நின்றார்கள். அதைப் பார்த்துப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் நின்றார்கள். மகள் பயந்து ஓரடி பின்னால் எடுத்துவைத்தாள். அவர் விரலைத் தூக்காத மற்றக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். முகம் இழுத்தது, கண் ஓடியது, கையை விடவில்லை. நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

விரல் இறங்கியது.

"வா, பிள்ளை" என்றார்.